மாப்பிள்ளை அழைப்பு

மாப்பிள்ளையை விடிவதற்குள் தண்ணீரில் அமுக்கிவிடும்படி டிரைவரிடம் சொல்லியிருப்பதாக மாஸ்டர் அறிவித்தபோது யாரும் பதறவில்லை. எல்லோரும் ரப்பர் உடைக்குள் காலை நுழைப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

மாப்பிள்ளை என்பது ஆள் உயரப் பொம்மை. உள்ளே மணல்; வெளியே இவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்திருப்பதைப் போலவே தலையையும் சேர்த்து மூடும் கறுப்பு ரப்பர் உடை. வாயைத் திறக்காது, ஒரு வேலையும் செய்யாது, ஆனாலும் ஒரு கீறல் விழாமல் தாங்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். பழைய கல்குவாரிக் குளத்தின் அடியில் கிடக்கும் அதைத் தேடிப் பிடித்துக் கரை சேர்ப்பவனுக்கு மீட்புப் படையில் நிரந்தர வேலை.

வந்ததிலிருந்து மாஸ்டர் ஸ்டோர்காரரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஆழத்துக்குப் போக இடுப்பில் கட்டும் ஈயப் பட்டைகளில் ஒன்றைக் காணோம். ஈயத்தைக்கூட விட்டுவைக்க மாட்டேன் என்கிறார்களே என்று அலுத்துக்கொண்டார்.

பயிற்சிக்கு வரும் ஆட்களிலும் ஒருவனைக் காணோம். அவனைத் தக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். நீச்சலில் அவனை அடிக்க ஆளில்லை. முங்கச் சொன்னால்தான் மேலேயே நிற்பான். கையைப் போட்டு அடிக்காதே, இடுப்பிலிருந்து காலை ஆட்டு, மூச்சை மெல்ல விடு என்று மாஸ்டர் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தாயிற்று. அரசாங்கமே வந்து அமுக்கினாலும் கீழே போகாத உடம்பு. இன்று அவனுக்குக் கடைசி வாய்ப்பு.

"பயந்து கம்பி நீட்டிட்டான்" என்றார் மாஸ்டர்.

மச்சான் உடையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனைத் தேடினான். தன் தங்கையைத் தக்கைக்குப் பேசி முடித்த நாளிலிருந்து பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் மச்சானாகிப் போனவன் அவன். வேலை இல்லையென்றால் கல்யாணமும் இல்லை என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். தங்கையோ கல்யாணத் துணியைத் தைக்கவே கொடுத்துவிட்டாள். அவன் தக்கைக்குப் போன் போட்டுப் பார்த்தான். அணைத்து வைத்திருந்தது.

"ஒரு எட்டு வீட்டுக்குப் போய் இழுத்துட்டு வந்துடறேன் சார். தூங்கிட்டிருப்பான்."

மாஸ்டர் விசிலைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"முதல்ல இந்த மாப்பிள்ளைய மேல கொண்டா. அப்புறம் போய் உன் மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் அவன் பேரை அடிக்காம வெச்சிருக்கேன்."

மச்சான் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டான். கலங்கிய தண்ணீரில் கண்ணை நம்பக் கூடாது என்பது பாடம். அதனால் முகக்கண்ணாடியில் கறுப்புத் தாளை ஒட்டிவிட்டார்கள். திரும்பும்போது கயிற்றை இழுத்து, மேலே வருகிறேன் என்று காட்ட வேண்டும். அதை 'மேலே போகிறேன்' என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் மாஸ்டர் அடிக்க வருவார். மற்றபடி அவருக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது.

அடியில் ஒரே சேறு. கையுறை போட்ட கைகளால் துழாவித் துழாவிப் போனான். பாறை இடுக்கு ஒன்றில் ரப்பர் தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தால் வழக்கத்தைவிடக் கனம். பரீட்சை என்பதற்காகக் கூடுதலாக மணலைத் திணித்திருக்கும் மாஸ்டரை மனசுக்குள் வாழ்த்திவிட்டு, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். இதை முடித்துவிட்டால் ஓடிப் போய்த் தக்கையை எழுப்பிவிடலாம். தண்ணியைத் தலையில் கொட்டியாவது எழுப்பிவிடலாம்.

குளத்தின் நடுவே இரண்டு கறுப்புத் தலைகள் எழுந்தன. மேட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள். மல்லாக்கக் கிடத்தி, தாடையைத் தாங்கி, முகம் தண்ணீருக்கு மேலேயே இருக்கும்படி, பாடம் ஒரு இம்மி பிசகாமல் மச்சான் நீந்தி வந்தான். இழுத்தால் இப்படி இழுக்க வேண்டும் என்று மாஸ்டர் மற்றவர்களுக்குக் காட்டினார். அவர் ஒருவரைப் பாராட்டி யாரும் பார்த்ததில்லை.

மச்சான் வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டு, கரை இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"மாப்பிள்ளை வந்தாச்சு சார். நான் கிளம்பட்டுமா?"

கிளம்பு என்று மாஸ்டர் கையைத் தூக்கும்போது, பின்னால் ஜீப் புழுதியோடு வந்து நின்றது. டிரைவர் கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்தபடி இறங்கி, திட்டு வாங்கத் தயாரான முகத்தோடு பக்கத்தில் வந்தார்.

"வழியில பஞ்சர் சார். பொம்மைய இப்ப எங்க போடட்டும்?"