இரண்டாயிரம் அடி

கால் என்பது நடப்பதற்காக ஏற்பட்டது என்று உலகத்தில் பலர் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வருந்தத்தக்க பிழை. சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் புண் வந்துவிட்டால், கால் என்பது தலையணைமேல் தூக்கி வைப்பதற்காக ஏற்பட்டது.

இதை அப்படிப் புண் வந்த ஒரு தையல்காரருக்கு விளக்க ஒருவரல்ல, நான்கு பேர் இருந்தார்கள். டாக்டர், புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ், சாப்பாட்டுக்கு அளவு சொல்லும் அம்மாள், தனிச் செருப்புத் தைப்பவர். ஆஸ்பத்திரியில் இதற்குப் பாதக் குழு என்று பெயர்.

"தூக்குறதுக்குத்தான் நாலு பேர் வருவாங்கன்னு நெனச்சேன். பாக்குறதுக்கும் நாலு பேரா!" என்றார் தையல்காரர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வலது காலை ஊனவே கூடாது. புண் எலும்பைத் தொட்டா காலை எடுக்க வேண்டியதுதான்."

சொன்னதோடு விடாமல், அடிகளை எண்ணும் பட்டை ஒன்றையும் கணுக்காலில் கட்டவைத்தார்.

வாரம் ஒரு முறை நால்வரிடமும் காட்ட மகள் அவரை ஆட்டோவில் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடுவாள். மூன்றாவது வாரம் டாக்டர் அவளைப் போனில் பிடித்தார்.

"ஆறு நாள் நூறு, நூத்தம்பது அடி. ஒரு நாள் மட்டும் ரெண்டாயிரம். வாராவாரம் இதே கதை. அன்னிக்கு அவர் எங்கே போறாரும்மா?"

"எந்தக் கிழமை, டாக்டர்?"

"கிழமையெல்லாம் அது சொல்லாது. எண்ணும், அவ்வளவுதான்."

மகளுக்குக் கிழமை தேவைப்படவில்லை. வீட்டிலிருந்து தையல் கடைக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும்.

"கடைக்குப் போனீங்களாப்பா?"

"பாத்ரூமைத் தவிர எங்கயும் போகலம்மா."

"பாத்ரூம் என்ன அடுத்த ஊர்லயா இருக்கு?"

"கால் மரத்துக் கெடக்கு. அது எங்க போய்ட்டு வந்துச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"கிண்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. நான் ஒருத்தி ஒரு நாள் லீவுக்கு வழியில்லாம நாயா அலையறேன், நீங்க ஊசியில நூல் கோக்கப் போறீங்க!"

மறுநாளே தையல் மெஷினை விற்றுவிட்டாள். ஆட்கள் அதைக் கடையிலிருந்து வீட்டு வாசல் வழியே தூக்கிக்கொண்டு போகும்போது, "வாரம் ஒரு தடவை எண்ணெய் விடச் சொல்லு" என்றார் அவர்.

அந்த வாரமும் பட்டை இரண்டாயிரம் காட்டியது.

மகள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். குழு கூடி, 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று ஃபைலில் எழுதியது. அதற்கடுத்த வாரம் புண் எலும்பைத் தொட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

பட்டையைத் திருப்பிக் கொடுக்க மகள் போனாள். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வாசல் கவுன்ட்டரில் வாங்குவார்களாம். எங்காவது வைத்துத் தொலைத்துவிடப் போகிறோம் என்று தன் காலிலேயே கட்டிக்கொண்டாள்.

டாக்டர் இரண்டாம் மாடி. நர்ஸ் பின் கட்டடத்தின் கோடி. சாப்பாட்டு அம்மாள் மறுபடி முன் கட்டடம், மூன்றாம் மாடி. லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும். செருப்புத் தைப்பவர் கேன்டீனையும் தாண்டி. அங்கிருந்து வாசல்.

கவுன்ட்டரில் இருந்தவர் பட்டையை வாங்கிப் பார்த்து, ரசீதில் எழுதினார்: 'இன்று 1,980 அடி.'

பிறகு பொத்தானை அமுக்கிப் பூஜ்யமாக்கி, வரிசையில் அடுத்து நின்ற பெரியவரின் கணுக்காலில் அதைக் கட்டினார்.

"டாக்டர் ரெண்டாவது மாடி. நடந்து போங்க."