ஏழாம் நம்பர் தள்ளுவண்டி

"ஐம்பத்தாறாம் வருஷம் ஏழாம் நம்பர் வண்டியத் தள்ளினது நீங்கதானா, பெரியவரே?"

ஓட்டல் மேலாளர் நோமலங்கா கேட்டதும் முன்சாகா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் ஓய்வு பெற்றே பத்து வருடமாகிவிட்டது. இத்தனை காலம் கழித்தா ஆள் அனுப்பிக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்?

விக்டோரியா அருவியைக் காட்டுவதற்கென்றே ரயில்காரர்கள் கட்டிய ஓட்டல் அது. அந்தக் காலத்தில் வெள்ளைக்கார விருந்தாளிகள் அருவிக்கு நடந்து போக மாட்டார்கள். தண்டவாளத்தில் ஓடும் சின்னத் தள்ளுவண்டியில் உட்கார்ந்துகொள்வார்கள், முன்சாகா தள்ளுவார். வழியில் வண்டி நின்றால் மேஸ்திரி அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார். ஒரே ஒருநாள், நடுக்காட்டில் அவர் வண்டி அரை மணி நேரம் நின்றது. சக்கரம் சிக்கிக்கொண்டது என்று அவர் சொன்னதை இதுவரை யாரும் கிளறவில்லை.

"நான்தான்" என்றார், பொய் சொல்ல மனசு வராமல்.

நோமலங்கா அவரை முன்வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். முப்பது வருடம் சமையற்கட்டு வாசல் வழியாகவே நுழைந்தவருக்கு அங்கே பிரம்பு நாற்காலி போட்டு, தேநீரும் வைத்தார்கள். எதிரே தலை நரைத்த வெள்ளைக்கார அம்மாள், பெயர் மார்ஜரி.

அன்று அந்த வண்டியில் இருந்தது தானும் ஹென்றி என்ற கூச்ச சுபாவக்காரரும்தான் என்றாள். மறுநாள் ரயிலில் அவள் ஊருக்குக் கிளம்புவதாக இருந்ததாம். வண்டி நின்று, வானிலை பற்றிய பேச்செல்லாம் தீர்ந்துபோன பிறகுதான், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டாராம். நாற்பது வருடம் சந்தோஷமாக வாழ்ந்துவிட்டு, போன வருடம் காலமானாராம்.

"அந்தச் சக்கரம் மட்டும் சிக்கலேன்னா அவர் வாயே திறந்திருக்க மாட்டார். அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். நீங்ககூட உதவிக்கு ஆள் தேடிப் புதருக்குள்ள ஓடினீங்க, பாவம்."

முன்சாகாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"சக்கரத்துல ஒண்ணுமில்லம்மா, கல்லு வச்சதே நான்தான். புதருக்கு அந்தப் பக்கம் விறகு பொறுக்கிட்டிருந்த முதிண்டாகிட்ட, என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்கத்தான் ஓடினேன். அவ சரின்னு சொல்ல அரை மணி நேரம் ஆயிடுச்சு."