மாவில் பின்னிய வலை

“நூல் இருக்கிறவரைக்கும் நமக்கு…” என்று பெரியப்பா ஏதோ சொல்வார். மீதி சிலந்திக்கு நினைவில்லை. நூல் பின்னி அலுத்துப்போன அது, வாசலில் சிந்திக் கிடந்த அரிசிமாவை அள்ளி, எட்டுக் காலாலும் வலையைக் கோலமாகவே போட்டுவிட்டது. இரண்டு நாள் பட்டினியோடு, இரை சிக்கட்டும் என்று நடுவில் உட்கார்ந்தது.

ஈ ஒன்று வந்து கோலத்தின் மேலேயே உலாவியது. “அண்ணே, அச்சு அசல் வலை!”

“ஒட்டுதா?”

“எங்கே ஒட்டுது? ஆனா என்ன நேர்த்தி! கால் வைக்கவே கூசுது.”

அதற்குள் எறும்புகள் பாதிக் கோலத்தைத் தின்றிருந்தன. “ருசியும் பிரமாதம்ணே,” என்றது ஒன்று, வாயைத் துடைத்துக்கொண்டு.

சிலந்தியின் வயிறு இரைந்தது. ஈ எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் நின்றது.

“நாளைக்கும் போடுவீங்களாண்ணே?”

நாளைக்கு இருபத்தொரு புள்ளி வைத்துப் போடுவதென்று சிலந்தி முடிவு செய்தது.