தப்பாகச் சொருகிய ஒயர்

சாப்பாட்டு மேஜை முழுக்க ஒயர்களும் குட்டி பல்புகளும். கம்ப்யூட்டரின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளப் போவதாகச் சொல்லி, ரிடையரான அப்பா தன் கையாலேயே ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

ஊரிலிருந்து வந்திருந்த மகள் பட்டனை அழுத்திப் பார்த்தாள்.

"ரெண்டும் மூணும் கூட்டினா ஒண்ணுன்னு காட்டுது. மீதியைக் கொண்டுபோற ஒயர் தப்புப்பா. போன தடவையும் இதே தப்புதான். தள்ளுங்க, நான் மாத்துறேன்."

"கையை எடு!"

"தெரியலைன்னு ஒத்துக்க மாட்டீங்க. வீம்புக்கு மட்டும் ஒண்ணும் குறைச்சலில்லை."

"தெரியும். நான்தான் தினமும் அதைப் பிடுங்கி மாத்திச் சொருகறேன்."

"எதுக்கு?"

அப்பாவின் குரல் இறங்கியது. "பிராசசர் டிசைன் பண்றதுதானே உங்கம்மாவோட உத்தியோகமே? எவனாவது தப்பா சொருகினா பொறுக்காது. 'மண்டு, தள்ளு'ன்னு கையைத் தட்டிவிட்டுட்டு அவளே மாத்துவா. ஒரு தடவை என்னைத் திட்டிட்டாப் போதும்."

அம்மா மெதுவாகக் கையை நீட்டினாள். அவள் விரல் அந்த ஒயரைத் தாண்டிப் போய், எரிந்துகொண்டிருந்த பல்பைத் தொட்டது.

"அழகா எரியுது சார்," என்றாள் அப்பாவிடம். "நீங்களே செஞ்சதா?"