காதுக்கு வேலையில்லை

“மாரிசெல்வம், தாய்லாந்துல இருந்து சரக்கு வாங்குறவரு வர்றாரு. அவரு எதிர்ல கம்பிய வளைச்சு காதுல வச்சுக்கினு நிக்காத. இன்னாடா பட்டிக்காடுன்னு நெனச்சுக்கப் போறாரு” என்றார் மண்ணூர் ஸ்கிராப் யார்டு முதலாளி பகலவன்.

“சுத்தமான வெள்ளீயம்னா வளைக்கையில கிறீச்சுனு கத்தும் மொதலாளி. காரீயம் கலந்திருந்தா கத்தாது. அது பொய் சொல்லாது.”

“அதுக்குத்தான் வாடகைக்கு டெஸ்ட் பண்ற மெஷின் எடுத்துகினு வந்துக்கீறேன். நீ பின்னாடி போ.”

ஒரு கன்டெய்னர் வெள்ளீயக் கம்பி முழுவதும், வருகிறவர் தலையாட்டினால்தான் கப்பல் ஏறும்.

கோட்டு சூட்டோடு வந்து இறங்கிய தாய்லாந்துக்காரர், மெஷின் தந்த சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். கிளம்பப்போகிறார் என்று பகலவன் பதறி எழுந்தார்.

அவரோ குவியலிலிருந்து ஒரு கம்பியை உருவினார். காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல வளைத்தார்.

குவியலுக்குப் பின்னாலிருந்து மாரிசெல்வம் எட்டிப் பார்த்தான்.

“கேக்குதா சார்?”

தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத அந்த மனிதர் பலமாகத் தலையாட்டினார்.