மட்கார்டில் போட்ட கோடு

ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டினார்கள். வண்டி திரும்பும்போதெல்லாம் அது மட்கார்டை உரசியது.

"யோவ், தள்ளிப் போய்யா! பெயிண்ட் போகுது," என்று மட்கார்டு கத்தியது.

"எங்கண்ணே போறது? என் சைஸே இதான்," என்றது டயர்.

"நேத்து வந்தவன் நீ. நான் பத்து வருஷமா இருக்கேன். மெக்கானிக் வரட்டும், உன்னைக் கழட்டிடுவாரு."

மெக்கானிக் வந்தார். டயரைத் தொடவே இல்லை. மட்கார்டின் ஓரத்தில் சாக்பீஸால் வெள்ளையாக ஒரு கோடு இழுத்தார்.

"பாத்தியாடா? எனக்குத் திருநீறு பூசுறாரு! ஆயுதபூஜைக்குக்கூட இவ்வளவு நீளமாப் பூசினதில்ல."

டயருக்கே தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே, அது திருநீறு இல்லண்ணே. கையில கட்டிங் மெஷின் வச்சிருக்காருண்ணே!"

"டேய், உரசினது நீ! வெட்டுறது என்னையா?"

மெஷின் சத்தத்தில் மெக்கானிக்குக்கு எதுவும் கேட்கவில்லை.