படத்தில் இல்லாத ரெஜிஸ்

"ஊர் மொத்தத்தையும் படம் புடிச்சே. தெரு நாய்கூட அதுல வருது. என் புருஷன் ரெஜிஸ் முகம் மட்டும் ஒரு வாட்டிகூட வரலையே, ஏன்?"

சந்தை நடுவில், சீஸ் வெட்டும் கத்தியை ஆட்டியபடி ஒடெத் மறுபடியும் கேட்டாள்.

எர்வே கையிலிருந்த தேர்தல் நோட்டீஸைப் பக்கத்து மீன் கடைக்காரனிடம் நீட்டினார். பத்திரிகைக்காரராக இருந்து, இந்த ஊர் ஆலையின் வேலைநிறுத்தத்தைப் படமெடுத்து, அந்தப் பெயரிலேயே இடதுசாரி எம்.பி. ஆனவர். ஞாயிற்றுக்கிழமை மறுபடி தேர்தல்.

"பாரிஸ்ல மைக்கை விடமாட்டே. செத்துப்போன தொழிலாளி பொண்டாட்டிக்குப் பதில் சொல்ல நாக்கு எழும்பலையா?"

கூட்டம் சிரித்தது. மீன் கடைக்காரன், அப்போதுதான் வாங்கிய தேர்தல் நோட்டீஸை மீனுக்கு அடியில் விரித்தான்.

உதவியாளர் சொலேனுக்கு முள் மேல் நிற்பதுபோல் இருந்தது. அவரைக் காருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இப்படி ஊமையா நின்னா எவன் ஓட்டுப் போடுவான்? படத்துலேர்ந்து வெட்டினதெல்லாம் உங்க லேப்டாப்லதானே இருக்கு? ரெஜிஸ் வர்ற ஒரு துண்டை வெளியிடுங்க. அந்தம்மா வாயும் அடையும்."

"வேண்டாம், சொலேன்."

"வறட்டு கௌரவம்!" என்றவள், காரிலிருந்த லேப்டாப்பில் தானே ஒரு துண்டைத் தேடி ஓடவிட்டாள்.

பனி மூடிய விடிகாலை. ஆலையின் பின்வாசல். இயந்திரங்களை முதலாளி கடத்திவிட்டால் போராட்டமே போச்சு என்று தொழிலாளர்கள் முறை வைத்துக் காத்த வாசல். அன்று காவல், ரெஜிஸ்.

அவன் இரு பக்கமும் பார்த்தான். பூட்டைத் திறந்தான். முதலாளியின் லாரிகளைக் கையசைத்து உள்ளே விட்டான்.

சொலேன் படத்தை அங்கேயே நிறுத்தினாள். "கதவைத் திறந்துவிட்டது யாருன்னு ஊரே இன்னமும் தேடிக்கிட்டிருக்கு. இதைக் காட்டினா நீங்க ஜெயிச்சிடலாம்!"

"அந்தம்மா நாளைக்கும் இதே சந்தையிலதானே கடை போட்டாகணும்?" எர்வே லேப்டாப்பை மூடினார்.

கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஒடெத். கையில் காகிதத்தில் சுற்றிய சீஸ் துண்டு.

"கத்திட்டேன்பா, மனசுல வச்சுக்காதே. உன் கேமராவுல அவர் எங்கேயாவது விழாமலா இருந்திருப்பார்? ஒரே ஒரு வாட்டி போட்டுக் காட்டேன்."

எர்வே லேப்டாப்பை இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

"எல்லார் முன்னாடியும் காட்டுப்பா. எங்களுக்காக அவர் அந்த வாசல்ல காவல் நின்னதை ஊர் பார்க்கட்டும்."